நெல்லைச் சீமையில் கீரைத் தோட்டம்: வேலியில் தொடங்க வேண்டிய வேலை

வீட்டுத் தோட்டம் பற்றித் தமிழில் வருகிற குறிப்புகளில் பாதி, பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். மீதிப் பாதி ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஆரம்பிக்கும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இரண்டுமே சரிப்பட்டு வருவதில்லை. ஆடி மாதத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடித் தொட்டியில் முளைக்கீரை விதையைத் தூவிப் பாருங்கள். முளை விடுவதற்குள் மேல்மண் காய்ந்து பறந்துவிடும். தப்பி முளைத்தது நாலு இலை விட்டதும் ஓரம் கருகி நிற்கும். அதே ஆடியில், மேற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். அங்கே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையே இருக்காது.

காரணம் மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும்போது ஈரம் குறைந்து, கீழே இறங்க இறங்கச் சூடேறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரத்தோடு நுழைவது குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலாகக் கிடைக்கிறது. கிழக்கே வர வர அது வெறும் காற்று. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடிக்கும். முப்பந்தலிலும் கயத்தாற்றுப் பக்கமும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். ஆனி, ஆடியிலும் பாளையங்கோட்டையில் வெயில் 36, 37 டிகிரியைத் தொடுவதும் இதனால்தான். காற்றாலைக்காரருக்கு நல்ல மாதம், கீரை போடுகிறவருக்கு ஆகாத மாதம்.

ஆடிப்பட்டப் பழமொழியில் தப்பு இல்லை. ஆவணியிலேயே நல்ல மழை பார்க்கிற ஊர்களுக்கு அது சரியான கணக்கு. மானூர், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் விதைப்பு புரட்டாசியில்தான். ஆற்றுப்பாசனத்தில் மட்டும் கதை வேறு. தாமிரபரணி பொதிகையில் பிறப்பதால் இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. அதன் கால்வாய்களை நம்பித்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். வைகாசி, ஆனியில் தொடங்குகிற கார் தென்மேற்கு மழையின் தண்ணீரில் விளையும். ஐப்பசி வாக்கில் தொடங்குகிற பிசானம் வடகிழக்கு மழையில் விளையும். வீட்டுத் தோட்டத்துக்கும் இந்தக் கணக்கே போதும். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: கார் பருவத்தில் தண்ணீர் கிடைத்தாலும் மேலக்காற்று இளங்கீரையை வாழ விடாது. ஆகவே பாத்திக்கீரைக்குப் பிசானப் பருவம். மற்ற மாதங்களில் இலையை மரத்திலும் கொடியிலும் வேலியிலும்தான் பறிக்க வேண்டும். அப்படிப் பறிக்க வேண்டுமென்றால் பாத்தி வெட்டுவதற்கு முன்பே வேலியை யோசித்திருக்க வேண்டும். காற்றை மறிப்பது, பூச்சிக் கணக்கை நேர் செய்வது, வெயில் மாதங்களில் கீரை கொடுப்பது என்று இங்கே பாதி வேலையைச் செய்வது வேலிதான்.

சாலட் இலைக்கு இரண்டரை மாதம்

முதலில் ஆசையைப் பேசி முடித்துவிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற லெட்யூஸ், அருகுலா வகைகளை இங்கே வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும், மார்கழியிலிருந்து மாசி முன்பாதி வரைக்கும். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில், பகல் நீண்டால் லெட்யூஸ் பூத்துவிடும் என்று போட்டிருக்கும். அது ஐரோப்பாவில் தோட்டம் போடுகிறவர்களுக்கான எச்சரிக்கை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரிக்குள் இருக்கிற நமக்கு, வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே அதைப் பூக்க வைப்பதும் கசக்க வைப்பதும் சூடு. லெட்யூஸ் விதைக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. மண் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முளைக்காமல் உறங்கிவிடும். நாம் கடைக்காரர் பழைய விதையைக் கொடுத்துவிட்டார் என்று திட்டிக்கொண்டிருப்போம். ஈரத்துணியில் மடித்து ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் வைத்து, பொழுது சாய்ந்த பிறகு விதைத்தால் முளைக்கும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண்ணை லேசாகத் தூவினால் போதும்.

மார்கழி, தை இரவுகளில் பாளையங்கோட்டையில் வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இறங்கும். விரிந்த இலை வகைக்கு அது போதும். கோஸ் மாதிரி உருண்டை கட்டுகிற வகையை வாங்க வேண்டாம், இங்கே உருண்டை கட்டாது. காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் வைத்து, வெளி இலையாகக் கிள்ளிக்கொண்டே வரலாம். சிவராத்திரி வரும்போது தண்டு நீண்டு இலையில் கசப்பேறும். அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். நிழல்வலை, தெளிப்பான், மின்விசிறி என்று செலவழித்துப் பங்குனியிலும் லெட்யூஸ் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தட்டு இலைக்கு ஆகிற காசில் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு ஆட்டோ பிடித்துப் போய் ஒரு வாரக் காய்கறி வாங்கி வந்துவிடலாம்.

அதே குளிர் மாதங்களில் கொத்தமல்லியும் வெந்தயமும் அலட்டல் இல்லாமல் வரும். முழுக் கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். வெந்தயத்துக்கு அதுகூட வேண்டாம், இருபது இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். இந்த இரண்டோடு முள்ளங்கியின் இளம் இலையையும் சேர்த்தால், தட்டில் பச்சையாகப் போட உள்ளூர் இலை தயார். எலுமிச்சம்பழம் பிழிந்து, தேங்காய்த் துருவல் போட்டால் கோசுமல்லி.

ஆனால் இந்த மண்ணின் சாலட் இலை எது என்று என்னைக் கேட்டால், பருப்புக்கீரையைத்தான் சொல்வேன். மழை விட்டதும் பாத்தி ஓரத்திலும் சிமெண்ட் வெடிப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கும். தண்டு சிவப்பு, இலை சதைப்பற்றாக, பூ சின்ன மஞ்சள். ஒரு கணுவைக் கிள்ளி ஈர மண்ணில் போட்டால் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலிலும் சாகாது. அதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறது. தண்ணீர் குறைந்து வாடும் நிலை வந்தால், பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் வெயில் காலத்தில் விடியற்காலையில் பறித்த இலை நன்றாகப் புளிக்கும், சாயங்காலம் பறித்தது சப்பென்று இருக்கும். எந்த நேரத்தில் பறிப்பது என்பது உங்கள் நாக்கின் விருப்பம். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகிற ஆக்சலேட் உப்பு இதில் கொஞ்சம் அதிகம். தயிரில் போட்டுச் சாப்பிட்டால் தயிரின் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தயிர்ப் பச்சடிதான் இதற்குத் தோதான பக்குவம். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் இதைப் பச்சையாகத் தொடாமல் இருப்பது நல்லது.

பறிக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையோடு படர்கிற அம்மான் பச்சரிசி வகைச் செடிகள் பார்வைக்கு இதன் ஜாடையில் இருக்கும். கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை.

இந்தக் கீரையைத் தின்று வளர்கிற பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளை வட்டங்கள், வட்டத்தைச் சுற்றி ஊதா மினுக்கம். பெண்ணைப் பார்த்தால் வேறு இனம் என்றே நினைப்போம். ஆரஞ்சு நிறம், முன்னிறக்கையின் முனை கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. வெந்தய வரியன் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் அச்சு அசல். வெந்தய வரியனின் புழு தின்பது எருக்கிலை. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் தங்குவதால், ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் வராது. பருப்புக்கீரை தின்று வளர்ந்தவளிடம் நஞ்சு ஒன்றும் கிடையாது, வேஷம் மட்டும்தான். தெருமுனையில் எருக்கு நின்று, அதில் வெந்தய வரியன் பிறந்து, அதைப் பறவைகள் கொத்திக் கசந்தால்தான் இந்த வேஷம் செல்லும். எருக்கை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பார்கள். வைக்க வேண்டாம், தெருமுனையில் நிற்பதை வெட்டாமல் விட்டால் போதும்.

பச்சையாகச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது என்று கேட்டுவிட்டு எல்லாக் கீரையையும் மிக்ஸியில் அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் வேகவைத்துச் சாப்பிட வேண்டியவை. நம் ஊரில் மிளகுதக்காளி என்று சொல்கிற மணத்தக்காளியின் இலையும் அப்படியே. தவசிக்கீரையை நர்சரியில் ‘மல்டி விட்டமின் கீரை’ என்று சொல்லி விற்பார்கள். கூட்டாக, பொரியலாக அளவோடு சாப்பிடலாம். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று இதைப் பச்சைச் சாறாகத் தினமும் குடித்துப் பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனது. வல்லாரை பச்சையாகத் துவையலுக்கு ஆகும்தான். ஆனால் பாளையங்கால்வாய்க் கரையில், நெல்லைக் கால்வாய்க் கரையில் பறித்தது வேண்டாம். ஊர்ச் சாக்கடை கலக்கிற தண்ணீர் அது. ஒரு பழைய வாளியில் வீட்டுக் குழாயடியில் வைத்தாலே வல்லாரை படரும்.

தின்ன வருகிறவர்கள்

கீரை போட்ட மூன்றாவது வாரம் இலைகளை வலை பின்னி ஒட்டிக்கொண்டு உள்ளே ஒரு பச்சைப் புழு இருக்கும். தண்டுக்கீரை வகைகள் எல்லாவற்றுக்கும் இது வரும். மழை மாதங்களில் இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிகிற வெண்துரு வேறு. இந்த நோய்க்கு மருந்து நெருக்கம் குறைப்பதுதான்: விதையை அடர்த்தியாகத் தூவாமல், இலையில் மண் தெறிக்காமல் காலை நேரத்தில் வேரில் தண்ணீர் விட வேண்டும். கார்த்திகை அடைமழையில் பாத்தியைக் காலியாக விட்டால்கூடத் தப்பில்லை. அந்த மாதத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் போதும்.

புழுவுக்கு வருவோம். பிணைந்த இலையை அப்படியே கிள்ளி எடுத்துவிட்டால் வீட்டளவில் முடிந்தது. கிள்ளாமல் விட்டதைத் தையல்சிட்டு பார்த்துக்கொள்ளும். தானியம் தின்கிற சிட்டுக்குருவியும்கூடக் குஞ்சுக்குப் பூச்சி, புழுவைத்தான் கொண்டுபோய் ஊட்டும். குஞ்சு வளர அதுதான் வேண்டும். சிட்டுக்குருவிக்குக் கூடு கட்டப் பெட்டி மாட்டுகிறோம், கம்பு தூவுகிறோம். புழுவுக்கு மட்டும் வாரா வாரம் மருந்து அடிக்கிறோம். குருவி எதைக் கொண்டு குஞ்சு வளர்க்கும்?

கறிவேப்பிலையில்தான் இந்த வழக்கு வீட்டுக்கு வீடு நடக்கும்.

“யக்கா, ஒங்க கறிவேப்பிலையப் புழு மொட்டையடிச்சிட்டு, மருந்து கிருந்து அடிக்கலியா?”

“இருக்கட்டும்ளா, பத்துப் பதினஞ்சு நாள்ல அதுவா போயிரும்.”

பதில் சொன்னவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தளிரில் கடுகளவு மஞ்சள் முட்டை ஒன்று ஒன்றாக இருக்கும். பொரிந்து வரும் புழு முதலில் கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் என்றே நினைக்கும்படி இருக்கும். அப்புறம் தோலுரித்துப் பச்சையாகும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, மூக்கைத் துளைக்கிற வாடை வரும். எறும்பையும் சின்னக் குளவியையும் விரட்டுகிற ஆயுதம் அது. இவை கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள். வேர் பிடித்த கறிவேப்பிலை இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய செடியிலோ எலுமிச்சையிலோ விட வேண்டும்.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்று நர்சரியில் கேட்டால் உண்ணிப்பூ, பென்டாஸ் மாதிரியான வெளிநாட்டுப் பூச்செடிகளைத்தான் எடுத்து வைப்பார்கள். தேன் குடிக்கப் பட்டாம்பூச்சிக்கு எந்த ஊர்ப் பூவும் ஆகும். முட்டையிட அப்படி ஆகாது. ஒவ்வொரு இனத்துக்கும் அதன் புழு தின்கிற இலை வேண்டும். கொன்றை, ஆவாரையில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள். அகத்தியில் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி. புளியாரையில் நகத்தளவு நீலம். ஆடுதீண்டாப்பாளையில் சிவப்பு உடம்புள்ள அழகிகள். 2019இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மலைக்காட்டுப் பிறவி. களக்காட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம், பாளையங்கோட்டை வீட்டுக்கு அது வராது. அதற்காக வருத்தப்படாமல் வருகிறவர்களுக்கு இலை வைக்கலாம்.

பூச்சிக்குப் பூச்சியே எதிரி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளையாக அப்பியது. மருந்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னவை அவை. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டே அதை அடக்கிவிட்டன. நம் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற குளவிகளுக்கு நாம் செய்ய வேண்டியது சுலபம். அவற்றின் வாய் குட்டை, ஆழமான பூவில் தேன் எட்டாது. மாசியில் பூத்துப்போன கொத்தமல்லி, சோம்பின் குடைப்பூக்கள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஆகவே கொத்தமல்லி பூத்துவிட்டால் பிடுங்கிப் போடாமல் ஒரு வரிசையை விட்டுவையுங்கள். அசுவினிப் பூச்சியைத் தின்கிற பொறிவண்டும் அங்கேதான் சுற்றும்.

வேலி

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளின் பின்புறத்தில் கிளுவை வேலி இருக்கும். புரட்டாசியில் கை மொத்தத்துக்குக் கிளுவைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி ஊன்றினால் ஐப்பசி மழையில் துளிர்த்துவிடும். முள் இருப்பதால் ஆடு நுழையாது. அந்த இடத்தை அப்புறம் முள்கம்பி பிடித்தது, அதற்குப் பிறகு காம்பவுண்ட் சுவர். சுவர் காற்றை நிறுத்திவிடும் என்று நினைக்கிறோம். நிறுத்தாது, மேலே தாண்டி உள்பக்கம் சுழன்று விழும். செடிவேலி காற்றைச் சல்லடையாக வடிகட்டி வேகத்தைக் குறைத்து அனுப்பும். சுவர் இருக்கிற வீட்டிலும் சுவருக்கு உள்ளே மேற்குப் பக்கம் ஒரு வரிசைச் செடி வேண்டும் என்பது இதனால்தான்.

மேற்கு வரிசைக்கு நொச்சியும் ஆடாதோடையும் முதல் தேர்வு. இரண்டும் வெட்ட வெட்டத் தழையும், ஆடு மாடு வாய் வைக்காது, ஒரு மழைக்கு வேர் பிடித்தால் பிறகு தண்ணீர் கேட்காது. நொச்சியின் ஊதாப் பூங்கதிரில் வைகாசி, ஆனியிலும் தேனீ மொய்க்கும். ஆடாதோடையின் பெரிய வெள்ளைப் பூவுக்குக் கருவண்டு வரும். கருவண்டு என்று நாம் சொல்வது தச்சுத்தேனீதான். காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும். இதையும், மண்ணில் துளை போட்டு வாழ்கிற நீலவரித் தேனீயையும் கட்டாயம் தோட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகுதக்காளி, தூதுவளைப் பூக்களில் மகரந்தம் வெளியே வர நுனியில் ஒரு சின்ன வழிதான். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது, இவர்களுக்குத் தெரியும். முற்றம் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டால் நீலவரித் தேனீக்குக் குடியிருக்க இடம் போய்விடும். ஒரு மூலையை வெறும் மண்ணாக விட்டால் போதும்.

வேலிக்கு நடுநடுவே கல்யாண முருங்கை. இதற்கும் போத்துதான். தை, மாசியில் இலை உதிர்ந்து செக்கச்சிவந்து பூக்கும்போது தேன்சிட்டு, மைனா, கரிச்சான் என்று காலையிலிருந்து சத்தம் ஓயாது. இலையை அரிசியோடு அரைத்து அடை சுடலாம். பதினைந்து இருபது வருஷமாக ஒரு குளவி இதன் இலையில் புடைப்பு உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. புடைத்த கிளையை வெட்டி எரித்துவிட வேண்டும். இந்தக் குளவியைத் தின்று தீர்க்கிற பறவை எதுவும் இல்லை. வேலியின் மேல் கோவைக்கொடி, முடக்கத்தான், தூதுவளை மூன்றையும் ஏற்றிவிட்டால், பாத்தி காய்ந்து கிடக்கிற ஆடியிலும் தோசைக்கும் ரசத்துக்கும் துவையலுக்கும் இலை உண்டு. கோவைப்பழம் சிவந்தால் கிளிக்கும் கொண்டைக்குருவிக்கும். வேலியடியில் தும்பையைப் பிடுங்காமல் விட வேண்டும். தும்பைப்பூவில் சின்னப் பட்டாம்பூச்சிகள் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் அதைக் களை என்று சொல்ல மாட்டார்கள்.

முருங்கையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரை இல்லாவிட்டால் அது வேறு ஊர்ச் சோறு. வேலிக்குள், காற்று நேராக அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும்; கிளை சட்டென்று முறியும்.

‘நாட்டுச்செடி’ என்பதில் ரொம்பக் கறாராக இருக்கவும் வேண்டாம். மிளகாயும் தக்காளியும் பப்பாளியும் கடல் தாண்டி வந்தவைதான். நமக்குப் பார்க்க வேண்டியது, ஒரு செடி மற்றதை அழித்துப் பரவுகிறதா என்பது மட்டுமே. சீமைக்கருவேலம் குளத்தையும் கண்மாயையும் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். அழகுக்குத் தரையில் படரவிடுகிற மஞ்சள்பூ வெடேலியாவும் அந்த ஜாதிதான், நர்சரியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டு மரத்தில் காட்டுப் பறவை வாழ்வது நெல்லைக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. நாங்குநேரி தாலுகாவில் 1994இல் சரணாலயமான கூந்தன்குளத்தில், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். வாடை வரும், சத்தம் இருக்கும், முற்றமெல்லாம் எச்சம் விழும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து மண்ணும் தண்ணீரும் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

மண்ணும் மழையும்

தாமிரபரணிக் கரையோர வண்டலில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கரிசலில் இருப்பவர்கள் பாத்தியை அரை அடி உயர்த்தி மணலும் குப்பையும் கலக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் வேர் அழுகும். நாங்குநேரி, ராதாபுரம் செம்மண்ணுக்கு ஆட்டுப்புழுக்கை. திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, குளத்துக் கரம்பை, அதாவது வண்டல் மண், அடித்துப் போட்டால்தான் பிடிக்கும். அனுமதியோடு அள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பாத்தியும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழையிலேயே தண்ணீர் வடிய வழி வைக்காமல் முளைத்ததை முழுக்க இழக்கிறவர்கள் ஏராளம். விதை முழுவதையும் ஒரே தடவையில் தூவாமல், வாரத்துக்குக் கொஞ்சமாக நாலு தடவை தூவினால் ஒன்று போனாலும் மூன்று நிற்கும்.

மாடியில் வைப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். மேற்குப் பக்கம் தென்னந்தட்டியோ நிழல்வலையோ கட்டி, அதன் மேல் முடக்கத்தானையும் கொடிப்பசலையையும் ஏற்றிவிட வேண்டும். பைகளைத் தரையில் ஒட்டி வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் சூடும் குறையும், தளமும் ஓதம் காக்காது. பெரிய பையில் ஒரு கறிவேப்பிலை, ஒரு ஆவாரை. பங்குனி, சித்திரையில் பறவைக்கு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குருவியை விட டெங்குக் கொசுதான் அதிகம் வளரும்.

மாசி கடைசியில் நல்ல தண்டுக்கீரைச் செடி நாலைந்தை வெட்டாமல் விதைக்கு விடுங்கள். கதிர் முற்றும்போது சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து உருவித் தின்னும். நமக்கு வேண்டிய இரண்டு கதிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டிவிட்டு மற்றதை அவற்றுக்கு விட்டால் போதும், இரண்டு கதிர் விதையே அடுத்த வருஷத்துக்கு மிஞ்சும். நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, டப்பாவில் வேப்பிலையோடு வைக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் எடுத்து, கை நிறைய மணலோடு கலந்து தூவுங்கள். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி போட்டால் எறும்பு விதையை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போகும்.